யாருடைய சர்க்கரை?

14

மால்சுன் ஆஸ்பத்திரிப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். ஐம்பத்தொன்பது வயது முட்டிக்கு அது அதிகம்தான். ஆனால் ஜாக்கெட்டின் உள்பையில் இருந்த டப்பா ஆறிப்போவதற்குள் மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர வேண்டும்.

லிப்டில் போயிருக்கலாம். லிப்டில் தெரிந்த முகம் இருக்கும். கொரியாவின் பூசான் துறைமுகத்து மீன் சந்தைக்காரிக்கு இந்த ஊரில் தெரியாத முகம் ஏது?

டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அவள் பெயர் இருந்தது. உள்ளே இருந்த சிறுநீர் அவளுடையது அல்ல.

கீழ்த்தளக் கழிப்பறையில் சற்று முன் நடந்தது இதுதான். கதவுக்கு அந்தப் பக்கம் நாத்தனார் குமோக். குமோக்குக்குக் காது மந்தம். காது மந்தமானவர்களுக்கு ரகசியக் குரல் என்று ஒன்று கிடையாது.

"அண்ணீ! இவ்வளவு போதுமா?"

"மெதுவா பேசுடி!"

"என்னது?"

"வாயை மூடுன்னேன்!"

"மூடியா? மூடி உன்கிட்டதானே இருக்கு!"

கை கழுவிக்கொண்டிருந்த பெண்மணி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். மால்சுன் கண்ணாடியில் தலைமுடியைச் சரி செய்வதுபோல் நின்றாள்.

குமோக் வெளியே வந்தாள். ரப்பர் பூட்ஸ், தலையில் கட்டிய பூப்போட்ட துணி, ராத்திரி முழுக்க மீன் பிரித்த வாடை. டப்பாவைக் கொடுத்த கையோடு பையிலிருந்த பெரிய பாட்டிலைத் திறந்து பார்லித் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

"இன்னொரு டப்பா வேணும்னாலும் கேளு. குடிக்கறதும் போறதும்தான் இப்போ என் வேலை. மேஸ்திரி முறைக்கறான். மீன் பிரிக்க வந்தியா, கக்கூஸுக்குக் காவல் இருக்க வந்தியாங்கறான்."

மால்சுன்னின் காதில் அது விழுந்தது, மனதில் ஏறவில்லை. "எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"கிதேவுக்காகன்னு சொன்னியே. அப்புறம் என்ன கேள்வி?"

அவ்வளவுதான். பூட்ஸைத் தேய்த்துக்கொண்டு குமோக் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டாள். போகிற வழியில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை நின்றதை மால்சுன் பார்க்கவில்லை. அதற்குள் அவள் படியேற ஆரம்பித்திருந்தாள்.

*

கிதே மால்சுன்னின் மகன். மீன் சந்தையில் ஏலம் போடுகிறவன். விடிகிற நேரத்தில் அவன் மணியை ஆட்டினால் தொப்பியில் நம்பர் ஒட்டிய வியாபாரிகள் அவனைச் சுற்றி மொய்ப்பார்கள். அவன் பாட்டுப்போல் விலையைச் சொல்லிக்கொண்டே போக, அவர்கள் வாயைத் திறக்காமல் ஜாக்கெட் மறைவில் விரல்களை நீட்டுவார்கள். ஒரு கண் சிமிட்டலுக்குள் நூறு பெட்டி கைமாறிவிடும்.

கேட்கும் தொழில் இல்லை அது; பார்க்கும் தொழில். அதனால்தான் முப்பத்தோரு வயதில் அவன் காது மங்கிக்கொண்டு வந்தது யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை.

சர்க்கரை மட்டும் தெரிந்தது. "உங்கப்பாவுக்கும் இருந்ததே, அப்போ சாதாரண சர்க்கரைதான்" என்று தெருமுனை கிளினிக்கில் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். மாத்திரை ஏற ஏற அவன் இளைத்துக்கொண்டே போனான். சென்ற மாதம் ஏல மேடையிலேயே கால் மடங்கி உட்கார்ந்தான். அப்படித்தான் பெரிய ஆஸ்பத்திரியின் சர்க்கரை வைத்தியர் டாக்டர் சோலிடம் வந்து சேர்ந்தான்.

டாக்டர் சோல் ஒவ்வொன்றாகக் கழித்தாள். உடம்பே தன் கணையத்தைத் தாக்கும் முதல் வகையா? ரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் புரதங்களைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. உடம்பில் இன்சுலின் இருந்தும் வேலை செய்யாத இரண்டாம் வகையா? கணையம் எவ்வளவு சுரக்கிறது என்று அளந்தாள். அரைகுறையாகத்தான் சுரந்தது, போதாததற்கு ஆள் ஒல்லி. அதுவும் பொருந்தவில்லை. அப்போதுதான் காதுப் பரிசோதனைக்கு அனுப்பினாள். இரண்டு காதிலும் கீச்சுச் சத்தங்கள் கேட்காமல் போயிருந்தன. மரபணுப் பரிசோதனை அவள் சந்தேகத்தை உறுதி செய்தது.

"இது மூணாவது ஜாதி" என்றாள் போன வாரம். "உடம்பு செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டி அடுப்பு இருக்கு. அந்த அடுப்புலதான் பழுது. காதும் சர்க்கரையும் சேர்ந்து போறது அதனாலதான். நீங்க சாப்பிட்டுக்கிட்டிருந்த மாத்திரை இதுக்கு ஆகவே ஆகாது. நிறுத்தியாச்சு. இன்சுலின் போதும், நல்லா இருப்பீங்க."

கிதே நிம்மதியாகச் சிரித்தான். அடுத்த வாக்கியம்தான் மால்சுன்னைத் தாக்கியது.

"இது அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும். அப்பாவால கொடுக்கவே முடியாது. அதனால, அம்மா, உங்களையும் பார்த்துடலாம். ஒரு டப்பா சிறுநீர் போதும். அதுல இந்தப் பழுது நல்லாவே தெரியும்."

அன்றிலிருந்து மால்சுன் சரியாகத் தூங்கவில்லை. தன் டப்பாவில் ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் இல்லை என்று வந்தால் கிதே ஒரு கேள்வி கேட்பான். அந்தக் கேள்வியோடு மகன் கையை விட்டுப் போய்விடுவான் என்று அவள் நம்பினாள்.

ஏன் என்பதை அவள் இதுவரை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

*

டாக்டர் சோலுக்கு ஒரு பழக்கம் உண்டு. மரபணு லேபுக்குப் போகிற சிறுநீராகவே இருந்தாலும், தன் அறையைத் தாண்டும் முன் அதில் ஒரு காகிதப் பட்டையை முக்கிப் பார்ப்பாள். "வாசல்ல வந்தவங்களை வணக்கம் சொல்லாம அனுப்பலாமா?" என்பாள்.

நர்ஸ் பட்டையோடு ஓடி வந்தாள். "டாக்டர், கலரைப் பாருங்க."

சர்க்கரைக் கட்டம் காபிக்கொட்டை நிறத்துக்குப் போயிருந்தது. உடம்பு கொழுப்பை எரித்தால் சேரும் கீட்டோனின் கட்டம் கரும் ஊதா.

"அந்தம்மாவை உள்ளே கூப்பிடு. மகனையும்."

கிதே ஏலம் முடிந்த கையோடு வந்திருந்தான். தொண்டை கட்டியிருந்தது. மால்சுன் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"பன்றிக்கறி சூப்பும் சோறும். ஏன்?"

"முழுசா சாப்பிட்டீங்களா?"

"ரெண்டாவது கிண்ணம் சோறு வாங்கினாங்க" என்றான் கிதே.

"சும்மா இருடா."

"தாகம்? வாந்தி? எடை குறைஞ்சிருக்கா?"

"எங்கம்மா எடை குறைஞ்சா தெருவுக்கே விருந்து வைக்கறேன் டாக்டர்."

"விரலை நீட்டுங்க."

ஊசி குத்தியது. ஒரு துளி ரத்தம். கருவி யோசித்துவிட்டு நம்பரைக் காட்டியது: 104.

டாக்டர் சோல் நம்பரைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள். பிறகு மால்சுன்னை நிதானமாகப் பார்த்தாள். விடை தெரிந்துவிட்ட பரீட்சைத்தாளைப் பார்க்கிற பார்வை.

"கிதே, உங்க தொழில்ல ஒரு சந்தேகம். பெட்டி மேல வாளை மீன்னு எழுதியிருக்கு. திறந்தா உள்ளே நெத்திலி. என்ன சொல்வீங்க?"

"பெட்டி மாறிடுச்சும்பேன். இல்ல, எவனோ மாத்திட்டாம்பேன்."

"அதே." டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்தாள். "ரத்தத்துல சர்க்கரை சரியா இருந்து சிறுநீர்ல மட்டும் கொட்டறதுக்கு ரெண்டு வழி உண்டு. சர்க்கரையைச் சிறுநீர்ல தள்ற மாத்திரை. அம்மா, அப்படி ஏதாவது?"

"நான் தலைவலி மாத்திரைகூட போட மாட்டேன்."

"நல்லது. ரெண்டாவது, பிறவியிலேயே சிறுநீரகம் கொஞ்சம் ஓட்டை. சரி, அப்படியே இருக்கட்டும். ஆனா கீட்டோன் இவ்வளவு எப்படி வரும்? ரெண்டு கிண்ணம் சோறு சாப்பிட்ட உடம்புல வராது." அவள் ஒரு காலி டப்பாவை மேஜைமேல் வைத்தாள். "இன்னொரு தடவை கொடுங்க. இந்தத் தடவை நர்ஸ் உங்ககூட வருவாங்க."

"எனக்கு வராது."

"தண்ணி தரச் சொல்றேன்."

மூன்று காகித டம்ளர் தண்ணீரும், கதவுக்கு வெளியே காவல் நின்ற நர்ஸும், மால்சுன்னின் பிடிவாதத்தை வென்றார்கள். இரண்டாவது பட்டை முக்கி எடுத்தபோது வெளிறிய மஞ்சளாகவே இருந்தது. சர்க்கரை இல்லை. கீட்டோன் இல்லை. எதுவுமே இல்லை.

இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள் டாக்டர்.

"ஒரே ஆளோட தண்ணி இல்ல இது."

கிதே அம்மாவைப் பார்த்தான். மால்சுன் கைப்பையின் கொக்கியைப் பார்த்தாள்.

"அம்மா, நான் போலீஸ் இல்ல. ஏன்னு கேக்கல. யாருன்னு மட்டும் கேக்கறேன். இந்த முதல் டப்பாவோட சொந்தக்காரருக்கு ரத்தம் புளிச்சுக்கிட்டு இருக்கு. அவங்க இன்னும் நடமாடிக்கிட்டு இருந்தா அது அதிர்ஷ்டம். சாயங்காலம் நடமாடுவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு இருப்பாங்கன்னு சொல்லவே மாட்டேன்."



மால்சுன் பேரம் பேசத் தெரிந்தவள். இருபத்தைந்து வருஷம் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்து நடத்தியவள். எதை விட்டுக்கொடுத்தால் எது மிஞ்சும் என்று அவளுக்குச் சட்டென்று தெரியும். பாதியைக் கொடுத்தாள்.

"குமோக்கோடது."

"அத்தையோடதா?" கிதே எழுந்துவிட்டான். "எதுக்கும்மா?"

"பயம்டா. எனக்கும் வியாதின்னு சொல்லிடுவாங்களோன்னு."

"அதுக்கு அத்தையைக் கேட்டியா? உனக்குப் பைத்தியமா?"

"வேற யாரைக் கேக்கறது?"

"மாடி வீட்டம்மா இருக்காங்க. உன் பிரார்த்தனைக் கூட்டத்துல இருபது பேர் இருக்காங்க. ராத்திரி முழுக்க வேலை செஞ்சுட்டு வர்றவங்களை எதுக்கு..."

டாக்டர் சோல் குறுக்கிட்டாள். "உங்க அத்தைக்குக் காது எப்படி?"

"சந்தையில யாருக்கு டாக்டர் காது நல்லா இருக்கு? ஐஸ் உடைக்கிற மெஷின், படகு இன்ஜின்... எல்லாரும் கத்திக்கிட்டேதான் பேசுவோம்."

"உங்கப்பாவுக்கு?"

"அவரும்தான். அவர் ஐஸ் பட்டறையில இருந்தவர்."

"அவருக்குச் சர்க்கரையும் இருந்தது."

"ம்."

"போன வாரம் அப்பா பத்திக் கேட்டப்போ காதைப் பத்தி அம்மா எதுவும் சொல்லலையே."

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். அவளுக்குக் கணக்கு முடிந்துவிட்டது என்று அந்தச் சின்னச் சத்தத்திலேயே மால்சுன்னுக்குப் புரிந்தது. ஒரு பெண்ணின் முகத்திலிருந்து இன்னொரு பெண் படித்துவிட்டாள்.

ஆனால் டாக்டர் சொன்னது வேறு. "மீதியை அப்புறம் பேசலாம். முதல்ல ஆளைக் கொண்டு வாங்க. நடக்க விடாதீங்க. மூச்சுல பழ வாசனை அடிச்சா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க."

*

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"காதுல விழுந்திருக்காது" என்றாள் மால்சுன், டாக்சியின் முன் சீட்டில்.

"எனக்குத் தெரியும்மா." கிதேவின் குரலில் வெட்டு இருந்தது.

சந்தையில் ஏலத் தளத்தைக் குழாய் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கிதே வழுக்கும் சிமெண்டில் ஓடினான். மீன் பிரிக்கும் பெண்கள் ஓய்வெடுக்கிற அறை கோடியில் இருந்தது. கதவைத் தள்ளினான். வெதுவெதுப்பான தரையில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூலையில் போர்வைக்குள் ஒரு உருவம்.

"வாப்பா ஏலக்காரரே, ஒரு வாய் சாப்பிடறியா?" என்றாள் ஒருத்தி.

"அத்தைக்கு என்ன?"

"என்ன? தண்ணி போட்டுட்டா. கிட்டப் போய்ப் பாரு, பழ சோஜூ வாசனை குப்புனு அடிக்குது. காலங்காத்தாலயே! எங்களுக்கு ஒரு சொட்டு தரல. வாந்தி எடுத்துட்டு, இப்போ குறட்டை விடறா."

"அத்தை குடிக்க மாட்டாங்க."

"அதான் நாங்களும் சொல்லிக்கிட்டிருந்தோம். ஐம்பது வயசுல ஆரம்பிச்சிருக்கா பாரு!"

சிரித்தார்கள். கிதே மண்டியிட்டுப் போர்வையை விலக்கினான். அழுகத் தொடங்கிய பேரிக்காயின் வாசனை முகத்தில் அடித்தது. அது குறட்டையும் அல்ல. குமோக்கின் மார்பு ஓடி வந்தவளுடையதுபோல ஆழமாக, வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை! அத்தை, என்னைப் பாருங்க!"

கண் பாதி திறந்தது. "கிதேவா? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். என் முதுகுல ஏறுங்க."

"விடுடா. மீன் வாடை உன் சட்டையில ஒட்டிக்கும்."

"என் சட்டையில இல்லாத வாடையா? ஏறுங்கன்னா!"

வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களின் சிரிப்பு நின்றது. இரண்டு பேர் எழுந்து வந்து அவளைத் தூக்கி அவன் முதுகில் ஏற்றினார்கள். அவள் இவ்வளவு லேசாகியிருப்பாள் என்று அவன் நினைத்திருக்கவில்லை. ஐஸ் பெட்டி ஒன்றின் கனம்கூட இல்லை.

டாக்சிக்காரன் கண்ணாடியில் பார்த்து முகம் சுளித்தான். "குடிச்சவங்களை ஏத்த மாட்டேங்க. போன வாரம்தான் சீட் உறை மாத்தினேன்."

"இவ குடிக்கல" என்றாள் மால்சுன். "வண்டியை எடு."

"வாசனை வருதேம்மா."

"அது வியாதியோட வாசனை. இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் வண்டி முன்னாலயே நான் உட்காருவேன். எடுடா!"

வண்டி கிளம்பியது. பின் சீட்டில் குமோக்கின் தலை கிதேவின் தோளில் கிடந்தது. அவள் கை அவன் ஜாக்கெட்டின் நுனியைப் பிடித்திருந்தது. மால்சுன் ஒரு முறைதான் திரும்பிப் பார்த்தாள். அதன்பிறகு சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இவள் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன். கக்கூஸுக்கு ஓடுகிறேன் என்றாள். கேட்டேன். என் டப்பாவைத்தான் பார்த்தேனே தவிர, இவளைப் பார்க்கவில்லை.

*

அவசரப் பிரிவில் கருவி 538 காட்டியது. இளம் டாக்டர் ஒருவன் டிரிப்ஸ் பாட்டிலை மாட்டப்போனான். படியிறங்கி வந்த டாக்டர் சோல் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது ரிங்கர். வேண்டாம். வெறும் உப்பு நீர் போடுங்க. இன்சுலினைச் சொட்டுச் சொட்டா. இதயத்துக்கு உடனே ஒரு ஈ.சி.ஜி."

"சர்க்கரை கூடிப்போன கேஸ்தானே மேடம்? எந்த வகையா இருந்தா என்ன, அப்புறம் பார்த்துக்கலாமே."

"வகைதான் இப்போ வைத்தியமே. ரிங்கர்ல லாக்டேட் இருக்கு. இவங்க செல்லுக்குள்ள அதை எரிக்கிற அடுப்புலயே பழுது. நீங்க ஏத்தினா உள்ளேயே தங்கிடும். நாளைக்கு காது டெஸ்ட் எடுங்க, மரபணு டெஸ்ட் எடுங்க. முடிவு என்ன வரும்னு இன்னிக்கே எழுதித் தரவா?"

அவன் பாட்டிலை மாற்றினான்.

கிதே திரையின் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. மீதியை அவள் உதட்டில் படித்தான். படிக்கத் தெரிந்த தொழில்.

"டாக்டர், அத்தைக்கும் என் வியாதியேதானா?"

"அப்படித்தான் நினைக்கறேன்."

"அப்போ அப்பாவுக்கும்? ரெண்டு பேருக்கும் அவங்கம்மாகிட்ட இருந்து வந்திருக்கு?"

"கெட்டிக்காரர்."

"ஆனா அப்பாவால எனக்குக் கொடுக்க முடியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க." அவன் விரல்கள் தன்னை அறியாமல் காற்றில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. "அம்மாகிட்ட இருந்துதான் வரணும். அம்மாவோட டப்பா இன்னிக்கு சுத்தமா இருந்தது."

"அந்தப் பட்டை சர்க்கரையை மட்டும்தான் பார்க்கும். மரபணு வேற." டாக்டர் ஒரு கணம் தயங்கினாள். அவள் தயங்கி கிதே பார்த்ததே இல்லை. "அதுக்கு மேல இருக்கிற பதில் என் வாயில இருந்து வர வேண்டியது இல்ல."

அவன் திரும்பி அம்மாவைப் பார்ப்பதற்குள், "நோயாளியோட வந்தவங்க யாரு?" என்று மேஜையிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் கீபோர்டில் கை வைத்தபடி கேட்டாள். "நெருங்கின ரத்த சொந்தம் யார்? கணவர்?"

"கல்யாணம் ஆகல" என்றான் கிதே.

"அப்பா, அம்மா?"

"இல்ல."

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரே அண்ணன். எங்கப்பா. போன வருஷம் தவறிட்டார்."

"பிள்ளைங்க இருக்க வாய்ப்பில்ல. அப்போ நெருங்கின சொந்தம் யாரும் இல்லைன்னு போட்டுடறேன். நீங்க என்ன வேணும் அவங்களுக்கு?"

"அண்ணன் பையன். கையெழுத்து நான் போடறேன்."

"சரி. ராத்திரி எந்நேரம் வேணும்னாலும் கூப்பிடுவோம். மூச்சுக்குழாய் வைக்கணும்னா, வேற ஏதாவது முடிவு எடுக்கணும்னா, நெருங்கின சொந்தமா இருந்தா நல்லது. வேற யாருமே இல்லையா?"

"யாருமே இல்லீங்க."

சக்கரக் கட்டில் அவர்களைத் தாண்டிப் போனது. குமோக்கின் பூட்ஸைக் கழற்றி காலடியில் வைத்திருந்தார்கள். அவள் பாதங்கள் ஊறி வெளுத்து, சின்னப் பெண்ணின் பாதங்கள்போல இருந்தன. பத்தொன்பது வயதில், தையல் ஃபாக்டரி விடுதியிலிருந்து பெட்டியோடு வந்து அண்ணன் வீட்டு வாசலில் நின்றபோது இருந்த அதே பாதங்கள். அன்றைக்கு அவள் வயிறு தெரியாமல் இருக்க அண்ணனின் குளிர்கால கோட்டைப் போட்டிருந்தாள். பெற்றுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அடுத்த தெருவிலேயே அறை எடுத்துக்கொண்டு, ஒரு நாளும் ஒரு வார்த்தையும் சொல்லாமல், "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டு முப்பத்தோரு வருஷம் இருந்துவிட்டாள்.

யாருமே இல்லையாம்.

மால்சுன் மேஜையருகே வந்தாள். கிதேவின் முழங்கையைப் பிடித்தாள். அவன் காது மந்தம் என்பது அவள் நினைவுக்கு வந்தது. இதை இரண்டாவது முறை சொல்லும் தெம்பு அவளுக்கு இல்லை. அதனால் அவன் முகத்துக்கு நேராக நின்று, உதடு தெளிவாகத் தெரியும்படி, சத்தமாகவே சொன்னாள்.

"யாரும் இல்லன்னு போடாதீங்க. அண்ணன் பையன்னும் போடாதீங்க. மகன்னு போடுங்க. இவனை நான் வளர்த்தேன். பெத்தது அவ."